நம்மை ஏற்றிப் போகப்போவது எந்த விமானம்? திருவனந்தபுரத்திலிருந்து நான் கண்டுபிடித்த விதம்

தக்கலைக்காரர்களுக்கு விமானம் என்றால் திருவனந்தபுரம்தான். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டித்தான் போவார்கள். துபாயில் இருக்கும் அண்ணன் ஒரு தடவை வந்துட்டுப் போ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். போவது என்று முடிவானதும் நான் முதலில் பார்த்தது டிக்கெட் விலையை இல்லை, எந்த விமானம் என்பதைத்தான். மாடல் மட்டும் போதாது, முடிந்தால் ரெஜிஸ்ட்ரேஷன் (காருக்கு நம்பர் பிளேட் மாதிரி, ஒவ்வொரு விமானத்துக்கும் உள்ள பதிவு எண்) வரைக்கும் தெரிய வேண்டும் எனக்கு.

இந்த வழித்தடத்தில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737 ஓட்டுகிறது, எமிரேட்ஸ் 777-300இஆர் அனுப்புகிறது. எனக்கு 777 தான் வேண்டும். 73.9 மீட்டர் நீளம், இரண்டே இன்ஜின். அந்த ஜிஇ90 இன்ஜினுக்குள் சுற்றுகிற விசிறியின் விட்டம் மட்டும் 3.25 மீட்டர், 737-இன் மொத்த உடம்பு அகலமே 3.76 மீட்டர்தான் என்று யோசித்துப் பாருங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து அதிலேயே போட்டேன், இன்றும் அதில் வருத்தம் இல்லை.

டிக்கெட் போடும்போதே மாடலைத் தெரிந்துகொள்ளலாம். கூகுள் ஃப்ளைட்ஸில் பயண விவரத்தைத் திறந்தால் இருக்கும்; சில தளங்கள் மூன்றெழுத்துக் குறியீடு மட்டும் போடும். 77டபிள்யூ என்றால் 777-300இஆர், 738 என்றால் 737-800, 7எம்8 என்றால் மேக்ஸ் 8, 32என் என்றால் ஏர்பஸ் ஏ320 நியோ, 32க்யூ என்றால் ஏ321 நியோ, 388 என்றால் ஏ380. இதெல்லாம் அட்டவணையில் போட்ட திட்டம்தான், நாள் நெருங்கும்போது மாறலாம். ஆகவே இருக்கை வரைபடத்தை இடையிடையே திறந்து பார்ப்பேன். ஜன்னல் முதல் ஜன்னல் வரை 3-3 என்று வந்தால் சின்ன விமானம், 3-4-3 என்றால் எமிரேட்ஸில் 777. எமிரேட்ஸ் 2024-லிருந்து தன் பழைய 777-களைப் புதுப்பித்து வருகிறது. நடுவில் 2-4-2 என்று பிரீமியம் எகானமி (சாதாரண எகானமியைவிடக் கொஞ்சம் வசதியான வகுப்பு) வரிசைகள் தெரிந்தால் புதுப்பித்த விமானம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஏரோலோபா தளத்தில் ஒவ்வொரு இருக்கைக்கும் நேரே ஜன்னல் எங்கே வருகிறது என்றுகூட வரைந்திருப்பார்கள். ஜன்னல் இருக்கை என்று எடுத்துவிட்டு வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு போவதைவிட இரண்டு நிமிடம் அதைப் பார்த்துவிடலாம்.

அப்புறம் ஃப்ளைட்ரேடார்24, பறந்துகொண்டிருக்கும் விமானங்களை வரைபடத்தில் நேரடியாகக் காட்டும் செயலி. விமானங்கள் தாங்கள் இருக்கும் இடத்தை 1090 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பிக்கொண்டே பறக்கின்றன. ஆர்வலர்கள் தங்கள் வீடுகளில் வைத்திருக்கும் ரிசீவர்கள் அதைப் பிடித்து அனுப்புகின்றன. நம் விமான எண்ணைப் போட்டால் கடந்த 7 நாளும் அந்த எண்ணில் எந்தெந்த ரெஜிஸ்ட்ரேஷன் பறந்தது என்று இலவசமாகவே வரும். நான் தினமும் அதைப் பார்த்தேன். ஒரே விமானம் அடுத்தடுத்து வரவே இல்லை. துபாய் அவர்களின் தலைமையகம், அத்தனை 777-உம் அங்கே வந்து போகும், எது காலியோ அதை அனுப்புவார்கள். எனக்கு ஆசை ஏ6-இஜிஓ மேல். போயிங் கட்டிய 1000-ஆவது 777 அது, 2012 மார்ச்சில் எமிரேட்ஸிடம் ஒப்படைத்தார்கள்.

விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனிக்குத் திருவனந்தபுரம் கடைசி ஸ்டாப் மாதிரி. துபாயிலிருந்து வருகிற விமானமே ஆட்களை இறக்கிவிட்டு, சுத்தம் செய்து, எண்ணெய் நிரப்பி, நம்மை ஏற்றிக்கொண்டு திரும்பும். அதனால் நம் விமான எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, வருகிற விமானத்தின் எண்ணைப் பார்க்க வேண்டும். அது துபாயில் ஓடுபாதையை விட்டு எழும்பிவிட்டால், நமக்குக் கிடைக்கப்போவது அதுதான். முந்தின இரவு அதற்கு ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் காட்டியது, அம்மா எழும்பி "மக்ளே, தூங்கலியா?" என்று கேட்டுவிட்டுப் போனதற்குப் பிறகு பார்த்தால் வேறொன்றாக மாறியிருந்தது. கிளம்புகிற நேரம் வரைக்கும் இப்படி மாற்றுவார்கள்: ஏதாவது சின்னப் பழுது, பராமரிப்பு முறை, முந்தின பயணம் தாமதம். கடைசியில் எழும்பியது ஏ6-இஎன் வரிசையில் ஒன்று. இஜிஓ இல்லை. ஆனாலும் அரபிக்கடல் மேல் அந்தச் சின்ன மஞ்சள் விமானம் நம்ம பக்கம் நகர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே காரில் போனது பெரிய சந்தோஷம். நெய்யாற்றின்கரை நெரிசலில் நின்றபோது எங்களுக்கு முன்னால் அது வந்து இறங்கிவிடும் போல இருந்தது.

உள்நாட்டுப் பயணத்துக்கு இதே வழிதான், ஆனால் சங்கிலி நீளம். இண்டிகோ மாதிரி கம்பெனிகளில் ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர் போய் வரும், ஆகவே ரெஜிஸ்ட்ரேஷனைத் தட்டி அன்றைய பயணங்கள் முழுவதையும் பார்த்தால்தான் புரியும். ஏடிஆர் (சின்ன புரொப்பெல்லர் விமானம்), ஏ320, ஏ321 மூன்றும் அவர்களிடம் இருக்கின்றன. வரைபடத்தில் 2-2 வந்தால் ஏடிஆர். இன்னொன்று, ஐப்பசியிலும் பங்குனியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் போகும். அன்று மாலை சில மணி நேரம் விமானங்களை நிறுத்தி நேரத்தை மாற்றிவிடுவார்கள், ஆகவே அந்த நாட்களில் வழக்கமான கணக்கை நம்ப வேண்டாம்.

இருக்கை இடதுபக்கம் ஏ எடுத்திருந்தேன். வடமேற்கு நோக்கி எழும்பினால் கடல் இடதுபக்கம்தான். அன்று அப்படியே எழும்பியது, சங்குமுகம் கடற்கரை இறக்கைக்குக் கீழே முழுசாகத் தெரிந்தது, முன்னால் அந்த ராட்சச இன்ஜின். முதுகை சீட்டோடு அழுத்திப் பிடிக்கிற அந்தத் தள்ளலை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

திரும்பி வரும்போது மட்டும் இந்த வழி உதவாது. துபாயில் நம் விமானம் எந்த ஊரிலிருந்தும் வந்து நின்றிருக்கலாம். செயலியில் கிளம்புவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு காட்டுவதை வைத்துக்கொண்டு, கேட்டுக்குப் போய்க் கண்ணாடி வழியாக முன்சக்கரக் கதவைப் பாருங்கள், ரெஜிஸ்ட்ரேஷனின் கடைசி எழுத்துகள் அங்கே இருக்கும். பஸ்ஸில் கொண்டுபோய் ஏற்றினால் இன்னும் நல்லது. முழு ரெஜிஸ்ட்ரேஷனும் பின்பக்க உடம்பில் எழுதியிருக்கும், கீழே நின்றே வாசித்துவிடலாம்.