மெலனோமா: ஸ்கேன் ரிப்போர்ட் ‘உறுதியில்லை’ என்று வந்தபோது

புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்க எடுத்த பெட் சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசிப் பகுதியில் மூன்று சந்தேகங்கள் இருந்தன. வலது தொடையிடுக்கில் 1.1 செ.மீ. நெறி (நிணநீர் முடிச்சு), ஸ்கேனுக்காக ஏற்றிய மருந்தை ஓரளவு இழுத்திருக்கிறது. இடது தொடைத் தோலில் பட்டையாக ஒரு பிரகாசம். வலது நுரையீரலின் மேல்பகுதியில் 4 மி.மீ. புள்ளி, இன்னதென்று சொல்ல முடியாத அளவுக்குச் சிறியது. ‘மற்ற பரிசோதனைகளோடு சேர்த்துப் பார்க்கவும்’ என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

நோயாளி என் மாமா. குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர். வலது குதிகாலில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய். நம் ஆட்களுக்கு இது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற வெயில் படாத இடங்களில்தான் அதிகம் வருகிறது. கால் ஆணி, ரத்தக்கட்டு என்றே நாள் போய்விடுகிறது. கட்டியை அகலமாக வெட்டி எடுத்து, தொடைத் தோலை வைத்து ஒட்டிய ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பாடுபட வைத்தது அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேன்தான்.

முதல் குளறுபடி டாக்டரின் சீட்டில். ‘ஹோல் பாடி பெட்’ என்று மட்டும் இருந்தது. பல மையங்களில் அப்படி எழுதினால் மண்டையோட்டின் அடியிலிருந்து நடுத்தொடை வரைதான் எடுப்பார்கள். குதிகாலில் நோய் வந்தவருக்குக் குதிகாலே படத்தில் இல்லை. முழங்காலுக்குப் பின்பக்கமும் இல்லை. குதிகாலின் நிணநீர் முதலில் முழங்கால் பின்குழியில் உள்ள நெறிகளுக்கும் போகக்கூடும் என்பதால் அந்த இடம் முக்கியம். கவுண்டரில் கேட்டதற்கு, “ஹோல் பாடின்னா இவ்வளவுதான். ரிப்போர்ட்டு வாட்ஸ்அப்புல அனுப்பியாச்சே, பின்னே என்ன?” என்ற பதில்தான் கிடைத்தது. மறுபடி எடுக்க முழுப்பணம் கேட்டார்கள். கடைசியில் புற்றுநோய் டாக்டரே, பணத்தை வீணாக்க வேண்டாம் என்று சொல்லி, முழங்கால் பின்குழிக்கும் தொடையிடுக்குக்கும் அல்ட்ராசவுண்டு எழுதிக் கொடுத்தார். கால், கை, தோல் மெலனோமா உள்ள யாரும் சீட்டில் ‘உச்சந்தலை முதல் பாதம் வரை’ என்று எழுதி வாங்கிவிட்டுத்தான் ஸ்கேனுக்குப் போக வேண்டும். படுக்கையில் ஏறுமுன் டெக்னீஷியனிடமும் ஒரு தடவை சொல்லுங்கள்.

திருவனந்தபுரம் போய் ஸ்கேன் எடுக்கிறவர்களுக்கு இன்னொன்று. களியக்காவிளையில் பஸ் மாறும்போது சீனி போட்ட ஒரு டீ குடித்தால் போதும், அன்றைய பயணம் வீண். ஊசியில் ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த ஒருவகைச் சர்க்கரை. 4 முதல் 6 மணி நேரமாவது வெறும் வயிற்றில் இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். ரத்தச் சர்க்கரை 200-ஐத் தாண்டினால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மெட்ஃபார்மின் மாத்திரை குடலைப் பிரகாசமாகக் காட்டிப் படத்தைக் குழப்பும்; எப்போது நிறுத்துவது என்று சர்க்கரை டாக்டரிடம் முன்பே கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். முந்தைய நாள் பால் வெட்டக் கூடாது, மேடு ஏறக் கூடாது, சைக்கிளும் வேண்டாம். உழைத்த தசையும் சர்க்கரையை இழுக்கும். அந்த மருந்தின் வீரியம் சுமார் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும், ஆகவே கொடுத்த நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் உங்களுக்காக எடுத்து வைத்திருக்க மாட்டார்கள்.

தொடைத் தோலில் தெரிந்த பட்டை சீக்கிரமே தீர்ந்தது. ஒட்டுத் தோல் எடுத்த இடம் அது. ஆறிக்கொண்டிருக்கும் புண் எதுவும் இந்த ஸ்கேனில் ஒளிரும். ஆபரேஷன் எப்போது நடந்தது, எந்தத் தொடையிலிருந்து தோல் எடுத்தார்கள் என்ற விவரம் ரேடியாலஜிஸ்ட் கைக்குப் போகவே இல்லை. டிஸ்சார்ஜ் சுருக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் ரிப்போர்ட்டோடு ஒரு திருத்தக் குறிப்பைச் சேர்த்துத் தந்தார்கள். இப்படிக் கேட்டு வாங்க நோயாளிக்கு உரிமை உண்டு, தயங்காதீர்கள். ஊசி எந்தக் கையில் போட்டார்கள், அண்மையில் தடுப்பூசி போட்டிருந்தால் எந்தத் தோளில் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து அக்குளில் நெறி ஒளிர்ந்தால் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

தொடையிடுக்கு நெறிதான் நெஞ்சை உலுக்கியது. பாதத்தில் மெலனோமா வந்தவருக்கு அது பரவக்கூடிய முதல் இடங்களில் ஒன்று அதுதான். ஆனால் பித்த வெடிப்பும் சேற்றுப்புண்ணும் உள்ள காலுக்கு அங்கே நெறி கட்டுவது வழக்கமான விஷயம். காசநோயும் அதே மாதிரி ஒளிரும். மருந்தை எவ்வளவு இழுத்தது என்று காட்ட ரிப்போர்ட்டில் ‘எஸ்.யூ.வி.’ என்று போடும் எண்ணை வைத்து மட்டும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த எண்ணை இணையத்தில் தேடிக்கொண்டு ராத்திரி உட்கார்ந்திருப்பதால் பிரயோசனம் ஒன்றுமில்லை.

கையால் தடவிப் பார்த்துக் குத்திய முதல் ஊசிப் பரிசோதனையில் ‘போதிய செல்கள் இல்லை’ என்று வந்தது. சொந்தக்காரர்கள் அதையே ‘கேன்சர் இல்லியாம்’ என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல. செல் இல்லாத சாம்பிள் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் பருத்த ஊசியால் சதைத்துண்டு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண நெறி அவரை விதை வடிவில், நடுவில் கொழுப்போடு இருக்கும். உருண்டு திரண்டு, நடுக்கொழுப்பு மறைந்துபோனால்தான் கூடுதல் சந்தேகம். மாமாவுக்கு வடிவம் கெடவில்லை, மேலுறை மட்டும் தடித்திருந்தது.

சாம்பிள் எடுக்குமுன் இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒன்று, நோயாளிக்கு மெலனோமா என்பது. அது சீட்டில் இருந்தால்தான் எஸ்-100, சாக்ஸ்-10, எச்.எம்.பி.-45, மெலன்-ஏ போன்ற சாயங்களைப் போட்டுத் தேடுவார்கள். மற்றது, காசநோய்க்கும் பார்க்க வேண்டும் என்பது. துண்டு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் பிறகு கிருமி வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு பகுதி சலைனில் தனியாகப் போக வேண்டும். இது லேபில் நிறையப் பேருக்கு நடக்கும் நஷ்டம். முதல் கட்டியின் துண்டுகளைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்குகளையும் கேட்டு வாங்கி வையுங்கள். பெரிய மருத்துவமனைகளில் ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்பார்கள். எங்களுக்குத் தந்த லேப்கூட முதலில், டாக்டரின் கடிதம் இல்லாமல் தர மாட்டோம் என்று திருப்பி அனுப்பியது, கடிதத்தோடே போங்கள்.

முடிவில் வந்தது, புண்ணுக்காக வீங்கிய நெறி. புற்றுச் செல் இல்லை, காசநோயும் இல்லை. இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒளிந்திருப்பதை ஊசி தவறவிடலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான், கட்டியின் நிணநீர் முதலில் போய்ச் சேரும் நெறியை எடுத்துப் பார்க்கும் ‘சென்டினல் நோட்’ பரிசோதனை. கட்டியின் ஆழம் 1 மி.மீ.-க்கு மேல் என்றால் பொதுவாக அதைச் செய்யச் சொல்வார்கள். அகலமாக வெட்டித் தோல் ஒட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி அது. வெட்டியபின் நிணநீர் பழைய பாதையில் ஓடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மாமாவுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டதால், டாக்டர் சொல்லும் இடைவெளியில் அல்ட்ராசவுண்டு எடுத்துக் கண்காணிக்கிறார்கள்.

நுரையீரல் புள்ளியில்தான் எங்களுக்கு உண்மையான நிம்மதி கிடைத்தது. 4 மி.மீ. அளவில் பெட் ஸ்கேனில் ஒளிரவில்லை என்பதற்கு அர்த்தமே கிடையாது. ஏறக்குறைய 8 மி.மீ.-க்குக் கீழே அதை நம்ப முடியாது. ஊசியால் சாம்பிள் எடுக்கவும் எட்டாது. ஆகவே 3 மாதம் கழித்து மறுபடி சி.டி. என்றார்கள். அப்போது டாக்டர் கேட்டார்: “பழைய நெஞ்சு சி.டி. ஏதாவது இருக்கா?” இருந்தது. 2021-இல் கொரோனாவுக்கு எடுத்தது, பீரோவில் துணிக்கு அடியில். அதன் ரிப்போர்ட்டில் புள்ளி பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் சி.டி.யைப் போட்டுப் பார்த்த ரேடியாலஜிஸ்ட், அதே இடத்தில் அதே அளவில் அது அப்போதே இருந்ததைக் காட்டினார். மெலனோமா அத்தனை வருஷம் வளராமல் சும்மா இருப்பது அரிது. மூன்று மாதக் காத்திருப்பு அந்த நிமிடமே தேவையில்லாமல் போனது.

நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் அந்தக் காலத்து சி.டி. கிடக்கும். தேடி எடுங்கள். பிலிமைவிட, ஸ்கேனைப் பதிந்து தரும் வட்டு (டிஸ்க்) நல்லது, அதில்தான் மெல்லிய வெட்டுகள் எல்லாம் இருக்கும். பிலிம் மழைக்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகும். வட்டை இப்போதே பென் டிரைவில் நகல் எடுத்து, திறக்கிறதா என்று பாருங்கள். போனில் பிடித்த படங்கள் ஒப்பீட்டுக்கு உதவாது.

மூளைக்குத் தனியாக எம்.ஆர்.ஐ. எடுத்தோம், ஒன்றுமில்லை. மூளையே எப்போதும் சர்க்கரையை இழுப்பதால் பெட் ஸ்கேன் அங்கே நம்பத்தக்கதல்ல.

காத்திருக்கும் நாட்களுக்கு: ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வருவதற்கு முன்பே டாக்டரின் நாளைக் குறித்து வையுங்கள். ஊராரும் சபைக்காரர்களும் கேட்பதற்குப் பதில் சொல்ல வீட்டில் ஒருவர் போதும். நோயாளியிடம் மறைக்காதீர்கள். “எதுன்னாலும் நேரா சொல்லுலே மக்கா” என்று மாமா கேட்ட பிறகு, எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே பேசினோம். அவர் அதற்குப் பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டார். டாக்டரிடம் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: எந்த இடம், எத்தனை மி.மீ., எந்தப் பரிசோதனை இதைத் தீர்க்கும், எந்தத் தேதியில், அதுவரை காத்திருப்பதால் ஏதாவது கெடுமா. எழுதிக்கொண்டு போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் எந்தெந்த ஸ்கேனுக்கு அது செல்லும் என்பதை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் காப்பீட்டுக் கவுண்டரில் முதலிலேயே விசாரிக்கலாம்.

அடுத்த தேதி வரை பொறுக்கக் கூடாதவையும் உண்டு. ஒட்டுத் தோலைச் சுற்றியோ, குதிகாலுக்கும் தொடையிடுக்குக்கும் இடையிலோ புதிதாகக் கறுப்பு, நீலம் அல்லது தோல் நிறத்தில் சிறு முடிச்சு வந்தால், நெறி கல்லுமாதிரி இறுகினால், விடாத தலைவலி, வலிப்பு, மூச்சுத்திணறல் வந்தால், உடனே போன் செய்து அன்றைக்கே காட்ட வேண்டும்.