தொற்காள் தைத்த உடைகள்

பைபிளில் அப்போஸ்தலர் 9-ம் அதிகாரத்தில் தொற்காள் என்றொரு பெண் வருகிறார், பலரும் வேகமாகப் படித்துத் தாண்டிவிடும் இடம். யோப்பா பட்டணத்தில் அவர் இறந்ததும் இயேசுவின் சீடரான பேதுருவை வரவழைக்கிறார்கள், அங்கே விதவைகள் அழுதபடி பேதுருவிடம் காட்டியது தொற்காள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் உடைகளையும்தான். தொற்காள் பேசிய ஒரு வார்த்தைகூட அதில் பதிவாகவில்லை!

விசுவாசம் என்றதும் நமக்கு ஜெபமும் பாட்டும்தான் உடனே நினைவுக்கு வருகின்றன. அதெல்லாம் வேண்டும், சரி. ஆனால் உடையும் அன்றைய சாப்பாடும் இல்லாத ஒருவரைச் சமாதானத்தோடு போங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன பயன் என்று யாக்கோபு 2-ம் அதிகாரத்தில் நேராகவே கேட்கிறார் (இந்தக் காலத்தில் 'ஜெபிக்கிறோம்' என்று கமெண்ட் போட்டு நகர்வதுதான் அது).

மத்தேயு 25-ல் பசித்தவருக்குச் சாப்பாடு கொடுத்தவர்கள், நோயாளியைப் போய்ப் பார்த்தவர்கள், இதை எனக்கே செய்தீர்கள் என்று ஆண்டவர் சொல்லும்போது, ஆண்டவரே உமக்கு எப்போது செய்தோம் என்று கேட்கிறார்கள். கணக்கே வைத்துக்கொள்ளவில்லை. உதவி வாங்குபவரின் முகம் தெரியப் படம் போடுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அவருக்கும் பிள்ளைகளும் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள், அவர்களும் பார்ப்பார்கள்.

அப்புறம், கையில் பணம் இருந்தால்தான் என்றில்லை. தனியாக இருக்கும் வயதானவர் திரும்பத் திரும்பச் சொல்லும் கதையைப் பொறுமையாகக் கேட்பது, சபைக்குப் புதிதாக வந்து ஓரமாக இருப்பவர் பக்கத்தில் போய் உட்காருவது, களைத்துப்போன பணியாளரிடம் குரலை உயர்த்தாமல் பேசுவது. கடைசியாகச் சொன்னதுதான் ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் காசு கொடுத்திருக்கிறோமே என்ற நினைப்பு அந்த நேரத்தில் முன்னால் வந்து நிற்கும்.