டைகர் மாத்தும் கிடை ஆடுகளும்

ஆறடி நீளம், இரண்டடி அகலம், மேலே மூடி, பக்கத்துக்கு இரண்டு கயிற்றுப் பிடி. விடியற்காலை நாலரை மணிக்கு, கடலூர் மஞ்சக்குப்பத்துத் தெருவொன்றில், இரண்டு பேர் தலைமாட்டிலும் கால்மாட்டிலுமாகப் பிடித்து இப்படி ஒரு பெட்டியைச் சத்தமில்லாமல் டாடா ஏஸில் ஏற்றினால் எதிர்வீட்டு அம்மா வேறு என்ன நினைப்பார்? கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "அய்யய்யோ, யாருப்பா? எப்போ?" என்றார்.

உள்ளே இருந்தது டைகர் மாத்; தரையிலிருந்து ரேடியோவில் ஓட்டுகிற கால் பங்கு மாதிரி. நிஜ டைகர் மாத் 1931-ல் முதன்முதலாகப் பறந்த இங்கிலாந்துப் பயிற்சி விமானம். மேலொன்று கீழொன்றாக இரட்டை இறக்கை. நம் விமானப்படையிலும் ஒரு தலைமுறை இதில்தான் பறக்கக் கற்றது. நிஜ விமானத்தின் இறக்கை விரிவு 29 அடி 4 அங்குலம். கால் பங்கு மாதிரியில் அது 88 அங்குலம். உடல் நீளம் ஆறடியில் வந்து நிற்பது யாருடைய குற்றமும் இல்லை.

இந்தக் கால் பங்குக் கணக்கு கொஞ்சம் விசித்திரமானது. நீளம் நாலில் ஒன்று, இறக்கைப் பரப்பு பதினாறில் ஒன்று, எடை அறுபத்து நாலில் ஒன்று. ஆளும் பெட்ரோலுமாகச் சுமார் 800 கிலோ உள்ள விமானம் 12 கிலோ சொச்சத்துக்கு வர வேண்டும். பால்சா என்கிற லேசான மரத்தில் கட்டினால் 9 கிலோவிலேயே முடித்துவிடலாம். இறக்கையில் சதுர மீட்டருக்கு ஆறரை கிலோதான் சுமை, மெதுவாக மிதக்கும். ஆனால் காற்றை யாரும் கால் பங்காகக் குறைத்துத் தருவதில்லை. 15 கிலோமீட்டர் வேகக் காற்று இந்த மாதிரிக்கு 30 கிலோமீட்டர்க் காற்று. அதனால்தான் நாலரை மணி. மாசி மாதம் கடலோரத்தில் பத்து மணிக்குப் பக்கமாகக் கடல்காற்று எழுந்துவிடும். அதற்குள் பறந்து, இறங்கி, பிரித்து, பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

பெட்ரோல் தனிக்கதை. பாட்டிலை நீட்டினால் பங்கில் தர மாட்டார்கள், சரிதான். அதனால் உதவிக்கு வருகிற தம்பியின் பைக்கில் நிரப்பி, அதிலிருந்து ஒரு லிட்டர் இறக்கிக்கொள்வது வழக்கம். ஒரு லிட்டருக்கு 25 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில், அதாவது நாற்பதுக்கு ஒன்று. புது இன்ஜின் என்றால் முதல் சில லிட்டருக்கு 33 மில்லி. இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். டேங்கில் ஒரு மாதம் விட்டுவைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கார்புரேட்டருக்குள் இருக்கிற மெல்லிய டயாஃப்ரம் விறைத்துப்போகும், அப்புறம் எத்தனை தட்டுத் தட்டினாலும் இன்ஜின் இருமத்தான் செய்யும். பறந்து முடித்த அன்றே வடித்துவிட வேண்டும். சிலிக்கோன் குழாயும் போடக்கூடாது. அது நைட்ரோ எரிபொருளுக்கானது. பெட்ரோலில் உப்பிக் கழன்றுகொள்ளும்.

இடம், பாண்டிச்சேரியின் பாகூர்ப் பக்கம் சம்பா அறுவடை முடிந்த வயல்களை ஒட்டிய தரிசு. லாஸ்பேட்டை விமான நிலையத்தின் சுற்றுவட்டாரத்தில் இதை நினைத்துக்கூடப் பார்க்கக்கூடாது. எங்கே பறக்கவிடலாம் என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சையாக இருக்கிற இடம்தான் வேண்டும், அங்கும் 400 அடிக்கு மேலே போகக்கூடாது.

ஆறு மணிக்கு வண்டி போய் நின்றபோது பக்கத்து வயலில் கிடை போட்டிருந்தார்கள். நாற்பது, ஐம்பது ஆடுகள். ஓரத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆடு மேய்க்கும் கீதாரி. பெட்டி இறங்குவதைப் பார்த்து அவர் எழுந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அவரும் தப்பாகத்தான் நினைத்திருக்கிறார்.

ஒற்றை இறக்கை விமானக்காரர்கள் இரண்டு போல்ட் முடுக்கிப் பறந்துவிடுவார்கள். இரட்டை இறக்கையில் நாலு இறக்கைத் துண்டு, நடுவே நிறுத்துகிற ஸ்ட்ரட்டுகள், பக்கத்துக்கு நாலாக எட்டுக் கம்பி. 'ஃபிளையிங் வயர்' கீழே உடலிலிருந்து கிளம்பி மேல் இறக்கையின் வெளிப்புறத்துக்குப் போகும். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி மடியாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். 'லேண்டிங் வயர்' எதிர்ச்சாய்வாக வந்து, தரையில் இறக்கை தொங்கிவிடாமல் காக்கும். சிலர் அழகுக்கு ரப்பர் நூலைக் கட்டிவிட்டுப் பறப்பார்கள். உள்ளே ஸ்பார், அதாவது இறக்கையின் நீளத்துக்கு ஓடுகிற சட்டம், அதற்கேற்றாற்போல் கனமாக இருந்தால் தப்பிக்கலாம். இல்லையென்றால் வானில் குட்டிக்கரணம் போடும் முதல் லூப்பில் 9 கிலோ 36 கிலோவாகும்போது இரண்டு இறக்கையும் கைகூப்பிவிடும்.

கம்பிக்கு வெளிநாட்டுக்கு ஆர்டர் போட வேண்டியதில்லை. கடலூர் முதுநகரில் மீன்பிடிச் சாமான் கடைகளில் தூண்டிலுக்கு ஏழு இழை ஸ்டீல் கம்பி கிடைக்கும். 40 கிலோ தாங்குவதாகப் பார்த்து வாங்கி, முனையைக் குழலில் விட்டு மடித்து, திரும்ப விட்டு நசுக்க வேண்டும். ஒரே தடவை விட்டு நசுக்கினால் உருவிக்கொள்ளும். அதே கடையில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டும் அரைக் கிலோ வாங்கிக்கொள்ளலாம், கட்டாயம் தேவைப்படும். ஈர்ப்பு மையத்திலிருந்து மூக்குப் பக்கம் ஒரு பங்கு தூரம் என்றால் வால் பக்கம் மூன்றரைப் பங்கு. வாலில் பசையும் பெயின்டுமாக 10 கிராம் கூடினால் மூக்கில் 35 கிராம் ஈயம் வைத்துத்தான் ஈடுகட்ட முடியும். கட்டும்போது பசையைத் தாராளமாக ஊற்றியவர்கள் கடையில் ஈயத்தையும் தாராளமாகத்தான் வாங்குகிறார்கள். கடைக்காரர், "எந்தப் படகு சார்?" என்று கேட்பார். பதில் சொல்லாமல் வருவதே நல்லது.

ஸ்ட்ரட் விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. முன் ஸ்பாருக்கும் பின் ஸ்பாருக்கும் நடுவே 18 செ.மீ. இருந்தால், பின்பக்கத்து ஸ்ட்ரட் 3 மி.மீ. நீண்டாலே இறக்கை 1 பாகை திருகிக்கொள்ளும். இடப்பக்கம் ஒரு பாகை, வலப்பக்கம் சுழி என்றால் விமானம் ஆயுசுக்கும் ஒரு பக்கம் சாய்ந்தே பறக்கும். இடது வலது மாறாமல் ஒவ்வொரு ஸ்ட்ரட்டிலும் எண் எழுதி வைப்பது இதற்காகத்தான். பூட்டி முடிக்க நாற்பது நிமிடம். கம்பியை வீணைத் தந்தி மாதிரி முறுக்கேற்றக்கூடாது. விரலால் சுண்டினால் அதிர வேண்டும், பாடக்கூடாது.

கீதாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். அவரோடு பள்ளிக்கூடம் லீவு விட்ட ஏழெட்டுப் பிள்ளைகள். கேள்விகள் எல்லா ஊரிலும் ஒரே வரிசையில்தான் வரும். ஆள் உட்காரலாமா? எவ்வளவு மைலேஜ் கொடுக்கும்? கேமரா இருக்குதா? கல்யாணத்துக்கு வாடகைக்கு வருமா, பூ தூவுமா? கீதாரி மட்டும் வேறு மாதிரி கேட்டார்: "ரெண்டு றெக்கை எதுக்குத் தம்பி? கொக்குக்கே ஒரு சோடிதானே?"

நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் மரத்திலும் துணியிலும் ஒரே நீள இறக்கையைச் செய்தால் ஒடியும். இரண்டைச் செய்து நடுவே கம்பி கட்டினால் பாலம் மாதிரி உறுதி, எடையும் குறைவு. அதற்கு விலை, காற்றின் இழுவை. இந்த இழுவை இறங்கும்போது தன் வேலையைக் காட்டும்.

ரேஞ்ச் சோதனை: டிரான்ஸ்மிட்டரின் சக்தியைக் குறைத்து வைத்துக்கொண்டு முப்பது அடி எடுத்து வைத்து நடக்க வேண்டும், விமானத்தைப் பிடித்திருப்பவர் சுக்கான் அசைகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இன்ஜின் ஓடும்போது இன்னொரு தடவை. சிக்னல் போனால் இன்ஜின் அடங்குகிற மாதிரி ஃபெயில்சேஃப் வைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். காற்றின் திசை தெரிய, ஒரு மூங்கில் குச்சியில் ஆரஞ்சு நிறக் காகித நாடா கட்டி ஓடுபாதை ஓரம் நட்டாயிற்று. காற்று மேற்கிலிருந்து லேசாக வந்தது.

பிறகு இன்ஜின். 30 சிசி, 18 அங்குலப் புரொப்பல்லர். சோக்கை மூடி, தடித்த கையுறை போட்டுக்கொண்டு சுண்ட வேண்டும். ஒரு 'பொட்' சத்தம் கேட்டவுடன் சோக்கைத் திறந்துவிட வேண்டும். கேட்கவில்லையே என்று இன்னும் நாலு சுண்டு சுண்டினால் பெட்ரோல் நிரம்பி, பிளக்கைக் கழற்றித் துடைக்க வேண்டியதுதான். அந்தப் 'பொட்' கேட்கிற நேரம் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். மூன்றாம் முறை பிளக்கைத் துடைத்தபின் கீதாரி ஒரு அதட்டுப் போட்டார். ஆடும் பிள்ளையும் ஒரே சமயத்தில் அடங்கின. இன்ஜின் பிடித்தது.

கிளப்பும்போது விசையைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். புரொப்பல்லரின் சுழற்சியால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது சுக்கான் கொடுத்துப் பிடிக்க வேண்டும். நிஜ டைகர் மாத்தின் ஜிப்ஸி மேஜர் இன்ஜின் எதிர்ப்பக்கம் சுற்றும், அது வலப்பக்கம் இழுக்கும்; அதன் புத்தகத்தைப் படித்துவிட்டு இதை ஓட்டினால் நேரே வரப்பில்தான். வால் எழும்பி, இருபத்தைந்து மீட்டரில் சக்கரம் தரையை விட்டது. சத்தம் கூட அழகுதான், தூரத்தில் ஓடுகிற டில்லர் மாதிரி.

திருப்பும்போது ஐலெரானை, அதாவது இறக்கையின் பின் ஓரத்தில் மேலும் கீழும் அசைகிற மடலை, மட்டும் நம்பக்கூடாது. டைகர் மாத்தில் ஐலெரான் கீழ் இறக்கையில் மட்டும்தான். கீழே இறங்குகிற ஐலெரான் அந்தப் பக்கத்து இறக்கையைப் பின்னுக்கு இழுக்கும். விமானம் இடப்பக்கம் சாயும், மூக்கு வலப்பக்கம் போகும். மேலே 25 மி.மீ., கீழே 10 மி.மீ. என்று அசைவை வித்தியாசப்படுத்தி வைத்தால் பாதி குறையும். மீதிக்குச் சுக்கான் விரல் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும். ஒரு பருந்து வந்து இரண்டு சுற்றுக் கூடவே பறந்து பார்த்துவிட்டு, ஒத்துவராது என்று போய்விட்டது.

எல்லாரும் அண்ணாந்து பார்த்திருந்த அந்தப் பத்து நிமிடத்தில் தரையில் நடந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒரு வெள்ளாடு ஓடுபாதை ஓரத்துக்கு வந்து, ஆரஞ்சு நாடாவை முனையிலிருந்து அடிவரை நிதானமாகத் தின்று முடித்தது. குச்சி மட்டும் நின்றது. கடல்காற்றும் அன்றைக்குப் பார்த்துச் சீக்கிரமே கிழக்கிலிருந்து எழுந்துவிட்டது.

டைமர் அடித்தது. பைலட் குச்சியைப் பார்த்தார். நாடா தொங்கக்கூட இல்லை. காற்றே இல்லை போலிருக்கிறது என்று, கிளப்பிய அதே திசையில், மேற்கு நோக்கி இறங்க வந்தார். இரட்டை இறக்கையில் விசையை முழுசாகக் குறைத்தால் இழுவையால் கல் மாதிரி விழும். மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, கொஞ்சம் விசையோடுதான் தரைவரை கொண்டுவர வேண்டும். அதைச் சரியாகவே செய்தார். ஆனால் பின்காற்று தள்ளியதால் விமானம் தரைக்கு வந்த வேகம் வழக்கத்தைவிட அதிகம். முதல் தடவை பாதி தரிசைத் தாண்டியும் சக்கரம் படவில்லை. விசை கொடுத்து மறுபடி சுற்றி வருவதற்குள் ஆடுகள் குறுக்கே. மூன்றாவது தடவைதான் சக்கரம் தரையைத் தொட்டது.

வால் இறங்கியதும் வழக்கம்போல எலிவேட்டரை, அதாவது வாலில் மேலும் கீழும் அசைகிற மடலை, மேலே பிடித்தார். எதிர்க்காற்றில் அதுதான் சரி, வாலை அமுக்கும். பின்காற்றில் அதே எலிவேட்டர் முறம் மாதிரி காற்றை அடியில் வாங்கி வாலைத் தூக்கிவிடும். உருண்டு வந்து, நிற்கப்போகிற நேரத்தில், வால் மரியாதையாக எழுந்தது. மூக்கு மண்ணைத் தொட்டது. மெல்ல மல்லாந்தது. புரொப்பல்லர் இரண்டு துண்டு, மேல் இறக்கையில் துணி ஒரு சாண் கிழிசல், வால் சுக்கான் முனை நசுங்கல். கம்பி எட்டும் அப்படியே இருந்தன.

"ஆடு சாகறப்பவும் இப்பிடித்தான் காலைத் தூக்கிக்கிட்டுக் கிடக்கும்" என்றார் கீதாரி. நாடா தின்ற ஆடு எது என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒரே மாதிரிதானே தம்பி இருக்கு" என்று மந்தையைப் பார்த்துக் கை காட்டினார்.

திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். பாண்டிச்சேரியிலிருந்து கடலூருக்குள் ஆறடிப் பெட்டி வந்தால் உள்ளே புட்டிதான் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. மூடியைத் திறந்த காவலர் உடைந்த புரொப்பல்லரை எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்து, "போங்க" என்று மட்டும் சொன்னார்.

பதினோரு மணிக்குப் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கும்போது எதிர்வீட்டு அம்மா மாடியில் வடாம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, திருப்பிக் கொண்டாந்துட்டீங்க?"