மேகம் இறங்கும்போது கேட்க ஒரு மெட்டல் ஆல்பம்

மெட்டல் (ராக்கின் கனத்த, இரைச்சலான வகை) என்றாலே "என்னடா இது, ஒரே கத்தல்" என்பார் மாமா. அகல்லாக் என்ற இசைக்குழுவின் 'தி மேன்டில்' ஆல்பம் அவர் காதில் இன்னும் விழவில்லை. 2002இல் வந்தது, அமெரிக்காவின் ஓரிகன்காரர்கள், ஆனால் கொடைக்கானல் பக்கம் எங்கள் பூம்பாறைப் பூண்டு வயல்மேல் மேகம் இறங்கும் சாயங்காலத்தில் ஹெட்ஃபோனில் போட்டால் எங்கள் ஊருக்கென்றே எழுதியது போலிருக்கும். அக்கூஸ்டிக் கிடார் நாட்டுப்புறப் பாட்டு மாதிரி மெதுவாக ஆரம்பிக்கும், அப்புறம் பிளாக் மெட்டல் என்ற கடூர வகையின் கரகரத்த குரல் எங்கோ பள்ளத்திலிருந்து ஏறி வரும், டூம் மெட்டல் என்ற மெதுவான, கனத்த வகையின் பாரமும் சேர்ந்துகொள்ளும், எது எங்கே முடிந்தது என்றே பிடிபடாது. ஒரு பாட்டு கிட்டத்தட்ட 15 நிமிடம். எனக்கு அலுத்ததே இல்லை. இன்னொன்றில் மான் மண்டையோட்டைத் தட்டித் தாளம் போட்டிருக்கிறார்கள் (நம் பறைக்கு மாட்டுத்தோல், அவர்களுக்கு இது). மழையில் கரண்ட் போனால், போனில் சார்ஜ் இருக்கும்வரை இதுதான் ஓடும்.