பாஸ்டன் குறிப்புகள்: பால் ரெவியரின் பட்டறை

அக்டோபர் 5, சனி

நார்த் எண்ட் பகுதியில், அமெரிக்க விடுதலைப் போர்க்கால வெள்ளிக் கொல்லர் பால் ரெவியரின் மரவீட்டைப் பார்த்தேன். 1680 வாக்கில் கட்டியது. அவர் வாங்கியது 1770இல். வந்தவர்கள் எல்லாருக்கும் 1775 ஏப்ரல் 18 இரவுக் குதிரைச் சவாரியைப் பற்றித்தான் பேச்சு. பிரிட்டிஷ் படை கிளம்பிவிட்டதென்று லெக்சிங்டன் ஊர் வரை போய்க் கிளர்ச்சிக்காரர்களிடம் சொன்னார். கான்கார்டு போகும் வழியில் பிடிபட்டார். அங்கே சேதியைச் சேர்த்தவர் சாமுவேல் பிரெஸ்காட். சரி, அது ஒரு ராத்திரிக் கதை. எனக்கு வேண்டியது பட்டறைக் கதை.

அக்டோபர் 6, ஞாயிறு

நுண்கலை அருங்காட்சியகம். 1768இல் ஓவியர் காப்லி வரைந்த ரெவியர் ஓவியத்தை விட்டு நகர மனசில்லை. கோட்டு இல்லை, பொய்முடி இல்லை. ஒரு கை தாடையில். மற்றதில் வெள்ளித் தேநீர்க் கூஜா. அதில் இன்னும் பூவேலை செய்யவில்லை. அதற்கான உளி மேசைமேல் கிடக்கிறது. படத்துக்கு உட்காரும்போதும் வேலைக்காரராகவே உட்கார்ந்த மனிதர்!

அக்டோபர் 9, புதன்

1770இல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தைச் சுட்ட பாஸ்டன் படுகொலையைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்றாரே, அந்தப் படம் ஹென்றி பெல்ஹாம் என்ற ஓவியருடையது. அவர் கொதித்துப்போய்க் கடிதமே எழுதினார். தேசபக்தி இருக்கட்டும், அடுத்தவர் படத்தைச் சுடலாமா?

வெள்ளி வேலை மந்தமானபோது பல்லும் கட்டியிருக்கிறார். பங்கர் ஹில் சண்டையில் இறந்த நண்பர் ஜோசப் வாரனின் உடலை 1776இல் தோண்டி எடுத்தபோது, தான் கட்டிய பல்லை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்.

அக்டோபர் 12, சனி

போர் முடிந்தபின் வார்ப்படப் பட்டறை வைத்தார். 1792இல் முதல் தேவாலய மணி. அப்புறம்தான் பெரிய சூதாட்டம். மரக்கப்பலின் அடிப்பாகத்தைக் கடல்புழு துளைத்துவிடும். காப்பாற்றச் செப்புத் தகடு போர்த்தவேண்டும். அந்தத் தகடோ இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். சண்டை போட்டுப் பிரிந்த நாட்டிடமே கையேந்துவதா? 1801இல், 66 வயதில், பாஸ்டனுக்குப் பக்கத்துக் கான்டனில் தகட்டாலை தொடங்கினார். சொந்தப் பணம் 25,000 டாலர். அரசுக் கடன் 10,000 டாலரும் 19,000 பவுண்டு எடைச் செம்பும். உருளைகளுக்கிடையே நசுங்கும் செம்பு இறுகிப்போகும். காய்ச்சி இளக்கி மறுபடி உருட்டவேண்டும், இல்லாவிட்டால் விரிசல் விடும். 1802இல் பாஸ்டனிலுள்ள மாநில அரசு மாளிகையின் குவிமாடத்துக்கும், 1803இல் கான்ஸ்டிட்யூஷன் போர்க்கப்பலுக்கும் அவருடைய தகடுதான்.

எனக்கு அந்தக் குதிரையைவிட இந்த உருளைகள்தான் பெரிது. அடுத்த வாரம் கான்டனுக்கு ரயில் பிடிக்கவேண்டும்.