தொழில் என்ற கட்டம்

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பாதி நேரம் ஊராருக்குப் பாரம் (விண்ணப்பப் படிவம்) நிரப்பித் தருபவராகவும் இருக்க வேண்டும் என்பதை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நான் நிரப்பியவற்றுள் ஒன்று மட்டும் என்னை இன்னும் விடவில்லை.

மூத்த கலைஞர்களுக்கான உதவித்தொகைப் பாரம் அது. 'பெக்கர்ஜாஆன்', அதாவது தொழில், என்ற கட்டத்தில் வில்லிசைக் கலைஞர் என்று மலாய் மொழியில் எழுதிவிட்டு, பெரியவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"அத அடிச்சிடுங்க சார். ரப்பர் மரத்துல பால் வெட்டினேன்னு போடுங்க. சாமிக்குப் பாடினதுக்கு எந்தக் கிராணி செக்ரோல்ல பேரு போட்டான்?"

கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர்; செக்ரோல் அவர் வைத்திருக்கும் தொழிலாளர் பெயர்ப் பதிவேடு. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மர நிரைக்குப் போனவர், கோயில் கொடை இரவுகளில் சுடலைமாடன் கதையை விடிய விடியப் பாடியவர். நெல்லைப் பக்கத்திலிருந்து வந்த தகப்பனாரிடம் கற்ற வில் அது. மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டிய அந்த வில்லின் நாணில் வீசுகோல் விழுந்து மணிகள் அதிர்ந்தால் தோட்டத்துக் குடியிருப்பு வரிசைகளில் கடைசி லயம் வரை கேட்கும். நான் பேனாவைக் கீழே வைத்ததும் வலக்கையை மேசையில் விரித்து, ஆள்காட்டி விரலடியில் இருந்த காய்ப்பு பால்வெட்டும் கத்தி கொடுத்தது என்றும், கட்டைவிரலின் உட்புறத்தில் இருந்தது கோல் கொடுத்தது என்றும் காட்டினார். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

தமிழ்நாட்டில் வில்லிசை வேந்தர் சுப்பு ஆறுமுகத்துக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவித்ததைச் சொல்லிப் பார்த்தேன். "அவரு வில்லையே தொழிலா வச்சிருந்தாரு சார். நான் அப்படியா?" என்றார். அடித்து எழுதினேன். விண்ணப்பம் அவருடையது, சொல்லும் அவருடையதாகத்தானே இருக்க வேண்டும்? அன்று மாலை எனக்கு ஒரு கூட்டம் இருந்தது என்பதையும், வாதத்தை நீட்ட மனமில்லாமல் போனதில் அதற்கும் பங்குண்டு என்பதையும் மறைக்க முடியவில்லை.

அவர் சொன்னது முழு உண்மையும் இல்லை. கொடை முடிந்ததும் வேட்டி துண்டோடு தாம்பூலத் தட்டில் பணமும் வைத்துக் கொடுப்போம். கோயில் கணக்கை எழுதியவன் நானே. 'வாழைமரம், தோரணம், வில்லு' என்று மூன்றையும் ஒரே வரியில் சேர்த்து ஒரே தொகையாகப் போட்டிருக்கிறேன். அவர் பெயரை ஓராண்டும் எழுதவில்லை. கிராணியைப் பற்றி அவர் சொன்னபோது நான் வாய் திறக்காததற்கு இது காரணமா, சோம்பல் காரணமா என்று இன்றுவரை பிரித்தறிய முடியவில்லை. ஆவணம் வேண்டும் என்றதும் அவர் கொண்டுவந்த பிஸ்கட் டின்னில், 1960இல் மலாயா அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தகப்பனார் வாங்கிய பங்கின் பத்திரம் இருந்தது, இபிஎஃப் என்னும் சேமநிதி அறிக்கை இருந்தது. வில்லைப் பற்றி ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

விண்ணப்பதாரரின் தொழில் கலை அன்று என்பதால் பரிசீலிக்க இயலவில்லை எனப் பதில் வந்தது. அதை அப்படியே வாசிக்க நா எழாமல், நிதி தீர்ந்துவிட்டதாம் என்றேன். அவருக்கு வருத்தம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் அந்தப் பொய்யால் தப்பித்தவன் நான்.

"சரி சார்" என்று எழுந்தவர், வாசலில் நின்று, "அடுத்த வருசம் பாரம் வந்தா என்ன போடுவீங்க?" என்று கேட்டார்.

பாரம் போன வாரம் வந்துவிட்டது. ஐசி (அடையாள அட்டை) எண், முகவரி, வங்கிக் கணக்கு எல்லாம் நிரப்பியாயிற்று; அந்தக் கட்டத்தை மட்டும் இன்னும் தொடவில்லை.