சுவரில் இருந்த கணக்கு

வேனில் வரும்போதே அவர்களுக்குப் பாடம் எடுத்துவிட்டேன். நான் செய்த முதல் தப்பு அதுதான்.

வட மாவட்டம் ஒன்றில், செங்கல் சூளையிலிருந்து அழைத்து வந்த ஐந்து இருளர் குடும்பங்கள். கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை. கொத்தடிமைகளாக இருப்பவர்களை மீட்கும் வேலைக்கு நான் வந்து ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 1976ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தைப் படித்திருந்தேன். பிரிவு எண்கள் எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. "சார் கேட்டா, நாங்க கொத்தடிமையா இருந்தோம்னு தெளிவா சொல்லணும், சரியா?" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அதிகாரிக்கும் முதலாளிக்கும் எத்தனையோ வருடமாக ஆட்டிப் பழகிய தலையாட்டல் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

முதலில் போனவர் சொன்னார்: "நாங்க கொத்தடிமையா இருந்தோம் சார்." இரண்டாவது ஆள் அதையே சொன்னார். மூன்றாவது ஆளும் அதே வரி. நான்காவதாக ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் ஓர் அம்மா. அவரும் அதையே சொன்னதும் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கொத்தடிமைன்னா என்னம்மா?"

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தெரியாது சார். அந்தத் தம்பிதான் சொல்லச் சொன்னாரு."

சூளைக்காரரின் ஆட்கள் வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய வக்கீல் வராந்தாவிலேயே இருந்தார். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அதிகாரி கெட்டவர் இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்கு வாங்க. ஆனா நீங்க உள்ளே வரவேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

சட்டம் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பெரும்பாலும் ஒரு முன்பணம் இருக்கும். அதற்குப் பதிலாக ஒருவர் இஷ்டப்பட்ட இடத்தில் வேலை செய்யும் உரிமையையோ, நினைத்தபடி போய்வரும் உரிமையையோ, தன் உழைப்புக்குச் சந்தை விலை கேட்கும் உரிமையையோ இழந்திருக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலிகூடக் கொடுக்காமல் இருந்தாலும் அந்த வரையறைக்குள் வந்துவிடும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கும் வேலை கட்டாய உழைப்புத்தான் என்று உச்ச நீதிமன்றம் 1982லேயே சொல்லிவிட்டது. கடன் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொல்லிவிட்டால், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. சங்கிலி வேண்டாம், பூட்டு வேண்டாம், அடி உதை வேண்டாம். ஆனால் விசாரணைக்கு வரும் பலரும், அதிகாரியோ நிருபரோ என்னைப்போல் புதிதாக வந்த பணியாளரோ, முதலில் தேடுவது பூட்டைத்தான்.

பெரும்பாலான சூளைகளில் பூட்டு இருக்காது. இருப்பது ஒரு சின்ன நோட்டு. மழைக்காலத்தில், கையில் காசில்லாத ஐப்பசி கார்த்திகையில், சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி வந்து அட்வான்ஸ் கொடுப்பார். தை பிறந்ததும் குடும்பத்தோடு சூளைக்குப் போக வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு ஜோடி. விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கே எழுந்து மண் குழைத்து, அச்சில் போட்டுக் கல் அறுக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் முடியாது. பிள்ளைகள் காய்கிற கல்லைத் திருப்பிப் போடும். வாரத்துக்கு ஒருமுறை செலவுக்காசு கிடைக்கும். கூலிக் கணக்கு சீசன் முடிந்தபிறகுதான். மழை வந்து களத்தில் கிடக்கும் பச்சைக்கல் கரைந்துபோனால் அது கணக்கில் சேராது. உழைத்தவர் தலையில் விழும் நஷ்டம். கடைசியில் நோட்டைப் பார்த்து மேஸ்திரி சொல்லுவார்: "இன்னும் இவ்வளவு பாக்கி." அடுத்த தைக்கும் வந்தாக வேண்டும்.

அன்று ராத்திரி எல்லாரையும் ஒரு சமுதாயக் கூடத்தில் தங்கவைத்தோம். உப்புமா. பிள்ளைகள் ட்யூப்லைட்டைப் போட்டு அணைத்து விளையாடிக்கொண்டிருந்தன. அந்த அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காலையில் மானத்தை வாங்கிவிட்டோமே என்று சமாதானம் சொல்ல வருகிறார் என நினைத்தேன். அவருக்கு வேறு கவலை.

"தம்பி, வாங்கின காசைக் குடுக்காம வந்தது தப்பில்லையா?"

அந்தச் சட்டத்தின்படி கடன் அழிந்துவிட்டது, ஒரு ரூபாய்கூடத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அரசாங்கம் ஆயிரம் சொல்லும், கை நீட்டி வாங்கியது நாம்தானே என்பதுபோல் இருந்தார். இத்தனை வருடத்தில் நான் பார்த்த பெரிய பூட்டு இதுதான். நாணயமான மனிதர்களின் நாணயத்தையே வைத்துப் போட்ட பூட்டு. முதலாளிகளுக்கு இது நன்றாகத் தெரியும்.

பேச்சை மாற்றத்தான் ஊர் சொந்தபந்தத்தைப் பற்றிக் கேட்டேன். போன மாசி மாதம் அவருடைய அக்கா இறந்துபோயிருக்கிறார். "சாவுக்குப் போனீங்களா?" என்றேன்.

"போனேன். எங்க வீட்டுக்காரரைச் சூளையிலேயே நிறுத்திட்டு என்னை மட்டும் விட்டாங்க. பொழுது சாயறதுக்குள்ள வந்துடணும்னு சொன்னாங்க. அக்காவைப் பொதைச்சதும் வந்துட்டேன். காரியத்துக்கு விடல."

இதை அவர் புகாராகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னார். சட்டம் 'போய்வரும் உரிமை' என்று எழுதியிருப்பது இதுதான் என்று எனக்கு உறைக்கச் சில நிமிடம் ஆனது. ஒருவரைப் போகவிட்டு இன்னொருவரைப் பிணையாக நிறுத்திக்கொள்வது. பகலெல்லாம் 'கொத்தடிமை' என்ற வார்த்தையை அவர் வாயில் திணித்துக்கொண்டிருந்தேனே, இந்த ஒரு சாவுக் கதை போதாதா?

அப்புறம் கணக்குக்கு வந்தோம். அட்வான்ஸ் 20,000 ரூபாய். வாரச் செலவு 800. ஆயிரம் கல்லுக்கு 500 ரூபாய் என்று பேச்சு. எத்தனை கல் அறுத்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் "யாருக்குத் தெரியும்" என்றுதான் பதில் வரும். இந்த அம்மா சட்டென்று, "போன சீசன்ல நூத்தி இருபது கோடு" என்றார்.

என்ன கோடு?

ஒவ்வொரு ஆயிரம் கல்லுக்கும் குடிசையின் உள்சுவரில் அடுப்புக்கரியால் ஒரு கோடு. பத்துக் கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு. பள்ளிக்கூடம் போகாதவர் அவர். ஆனால் மேஸ்திரியின் நோட்டுக்கு எதிர்நோட்டு ஒன்றை ஆறு மாதம் சுவரில் எழுதி வைத்திருந்தார். கோட்டுக்கு 500 என்றால் 60,000. இருபத்துநாலு வாரச் செலவு 19,200. அட்வான்ஸையும் கழித்துவிடலாம். 20,800 ரூபாய் அவர்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். மேஸ்திரி சொன்னதோ, "இன்னும் பதினாலாயிரம் பாக்கி."

தரையில் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நாங்க குடுக்கணுமா, அவங்க குடுக்கணுமா?" என்று கேட்டார். அதற்குமேல் கடனைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

இதில் எனக்கு இன்றும் ஆறாத ஒரு விஷயம். காலையில் அந்தக் குடிசைக்குள் நான் போயிருக்கிறேன். பாய், பாத்திரம், துணிமூட்டை எல்லாவற்றையும் வேனில் ஏற்ற உதவியிருக்கிறேன். சுவரைப் பார்க்கவில்லை. போட்டோ எடுக்கவில்லை. மறுநாள் ஆள் அனுப்பிப் பார்த்தபோது குடிசைகளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு எந்தச் சூளைக்கோ அரிசி ஆலைக்கோ போனாலும் ஆட்களிடம் பேசுவதற்கு முன் சுவரைப் பார்ப்பேன். கயிற்றில் முடிச்சு, டப்பாவில் கூழாங்கல், ரேஷன் அட்டையின் பின்பக்கத்தில் புள்ளிகள் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது.

இரண்டாம் நாள் நான் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். அந்த அம்மா மட்டும் முக்கால் மணி நேரம். அதிகாரி பக்கம் பக்கமாக எழுதியதாக டவாலி வந்து சொன்னார். அக்கா சாவு, கரிக்கோடு, மழையில் கரைந்த கல், பிணையாக நின்ற புருஷன் எல்லாம் அதில் இருந்தன. 'கொத்தடிமை' என்ற சொல்லைக் கடைசியில் அதிகாரியே எழுதிக்கொண்டார். ஐந்து குடும்பத்துக்கும் விடுதலைச் சான்றிதழ் வந்தது.

சான்றிதழோடு கதை முடிவதில்லை என்று சொல்லத் தேவையில்லை. 2016ல் மாற்றி அமைத்த மத்திய அரசுத் திட்டத்தில் மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடுமையான நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு மூன்று லட்சம். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் முழுத்தொகை கைக்கு வர வழக்கில் தண்டனை ஆக வேண்டும். வழக்கோ வருடக்கணக்கில் இழுக்கும். அப்படியே தண்டனை ஆனாலும் அந்தச் சட்டப்படி மூன்று வருடம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். 1976ல் அது ஒரு தொகையாக இருந்திருக்கலாம். இன்று அதைக் கேட்டு எந்தச் சூளைக்காரர் பயப்படுவார்?

எங்கள் வேலையில் முக்கால்வாசி காகிதம்தான். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ். இருளர்கள் பழங்குடி. தமிழ்நாட்டில் மிகவும் பின்தங்கியவை என்று பட்டியலிடப்பட்ட ஆறு பழங்குடிகளில் ஒன்று. ஆனாலும் அப்பாவிடம் சான்றிதழ் இல்லாவிட்டால் பிள்ளைக்குக் கிடைப்பது குதிரைக்கொம்பு. பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும் என்பதால் அலைச்சல் இன்னும் அதிகம். இருளர் என்றால் பாம்பு பிடிப்பவர்கள் என்ற நினைப்பில், ஓர் அலுவலகத்தில் பத்தாவது படிக்கும் பையனிடம், "பாம்பு பிடிப்பியா?" என்று கேட்டார்கள். "இல்ல சார், கிரிக்கெட்டுதான் ஆடுவேன்" என்றான். மனு திரும்பிவிட்டது. பழங்குடியாகவும் இருக்க வேண்டும், பள்ளிக்கூடமும் போக வேண்டும், அதிகாரி கேட்டால் பாம்பும் பிடித்துக் காட்ட வேண்டும்!

வாங்கிய காகிதத்தைக் காப்பாற்றுவது தனி வேலை. ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் பட்டா இல்லாமல் இருக்கும் குடிசைகளில், கூரை ஓலைக்குள் பிளாஸ்டிக் பையில்தான் சொருகி வைப்பார்கள். 2015 மழை வெள்ளத்தில் அப்படி எத்தனை குடும்பத்தின் காகிதங்கள் போயின என்று பழைய பணியாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கன்னியம்மனைக் கும்பிட இருளர்கள் கூடுவார்கள் அல்லவா, அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து மனு எழுதியிருக்கிறோம். சாமி கும்பிட வந்தவர்களை விடவில்லை என்று என் மனைவி இன்னும் கிண்டல் செய்வாள்.

அந்த ஐந்து குடும்பங்களில் இரண்டு, அடுத்த மழைக்காலத்தில் வேறொரு மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டன. கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு பாடுபட்டோமே என்று. போய்ப் பார்த்தால் ஒரு வீட்டில் பிரசவம். இன்னொரு வீட்டில் இருபது நாளாக வேலை இல்லை. ஐயாயிரம் ரூபாயை எந்த வங்கி கொடுக்கும்? மேஸ்திரி கொடுப்பார், அதுவும் வீடு தேடி வந்து. அந்த இரண்டு மூன்று மாதப் பள்ளத்தை அடைக்காமல் மீட்பு, விடுதலை என்று பேசுவதில் பாதி வெறும் பேச்சு என்பது என் அபிப்பிராயம். பக்கத்துக் குடும்பங்களைச் சேர்த்து வாரம் இருபது ரூபாய் சீட்டு ஒன்று தொடங்கினோம். சிலருக்கு உதவியது. எல்லாருக்கும் இல்லை.

அந்த அம்மா போகவில்லை. மூன்று வருடம் கழித்து அவருடைய ஊர்ப் பக்கம் போகவேண்டி வந்தது. ஏரிக்கரைக்குப் பக்கத்தில் ஓலைக்குடிசை, மண் சுவர். உள்ளே கூப்பிட்டு வரக்காப்பி கொடுத்தார். கண் தானாகச் சுவருக்குப் போயிற்று. கரிக்கோடுகள்!

"மறுபடியும் கல் அறுக்கவா போனீங்க?" என்று பதறிவிட்டேன்.

"சீ, அது நூறு நாள் வேலை" என்றார். போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. சுவரில் முப்பத்தொன்று. வேலை அட்டையில் ஏறியிருந்தது இருபத்தேழு. பணித்தளப் பொறுப்பாளரிடம் கேட்டிருக்கிறார். ஒழுங்கான பதில் இல்லை. வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறாராம். பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேருக்கும் நாள் குறைகிறதாம், அவர்களும் வருகிறார்கள்.

இந்தத் தடவை போனை எடுத்துச் சுவரைப் படம் பிடித்தேன். "தள்ளி நில்லு தம்பி, உன் நெழலு விழுது" என்றார். தள்ளி நின்று இன்னொன்று எடுத்தேன்.

"திங்கட்கிழமை நானும் வரட்டுமா?"

"நீ எதுக்கு? பஸ் நம்பரை மட்டும் எழுதிக் குடு."